பூச்சுக்கு முன் பொருத்தம்!

அமெரிக்காவில் பழைய பிக்-அப் லாரிகளுக்கு மவுசு கூடிவிட்டது.

பிக்-அப் என்பது சின்ன லாரி. முன்னால் இரண்டு மூன்று பேர் உட்காரக் கேபின். பின்னால் சாமான் ஏற்றத் திறந்த தொட்டி. ஒரு காலத்தில் அது பண்ணையில் உழைத்தது. உரமூட்டை சுமந்தது. வைக்கோல் சுமந்தது. கன்றுக்குட்டியையும் ஏற்றிக்கொண்டு சந்தைக்குப் போனது. ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு தேவாலயத்துக்கும் போய் வந்தது.

வயதானதும் அதைக் கொட்டகைக்குப் பின்னால் தள்ளிவிட்டார்கள். மழை பெய்தது. பனி கொட்டியது. தகடு துருப்பிடித்தது. இப்போது பேரன்மார் அதைத் தேடிப் பிடித்து வெளியே இழுக்கிறார்கள். "தாத்தா ஓட்டிய லாரி" என்று ஆசையோடு துடைக்கிறார்கள். புதிதாக்கி ஓட்ட விரும்புகிறார்கள்.

நல்ல ஆசைதான். பழைய பொருளைக் காயலான் கடைக்குப் போடாமல் காப்பாற்றுவது பாராட்டத்தக்கது.

ஆனால் இதில் பலரும் ஒரே இடத்தில் தவறுகிறார்கள். லாரி வீட்டுக்கு வந்ததும் என்ன நிறம் அடிப்பது என்ற பேச்சு தொடங்கிவிடுகிறது. பச்சையா? சிவப்பா? மனைவி ஒன்று சொல்கிறாள். மகன் ஒன்று சொல்கிறான். லாரியைக் கழற்றுகிறார்கள். துருவைச் சுரண்டுகிறார்கள். கதவு, மட்கார்டு, பானெட் எல்லாவற்றுக்கும் தனித்தனியே பெயிண்ட் அடித்து, கண்ணாடிபோல் மெருகேற்றுகிறார்கள். கடைசியில் எல்லாவற்றையும் சேர்த்து மாட்டப் பார்க்கிறார்கள்.

அங்கேதான் சிக்கல்!

கதவு மூட மறுக்கிறது. மூடினால், கீழ் முனை வெளியே துருத்துகிறது. மட்கார்டுக்கும் கதவுக்கும் நடுவே ஒரு பக்கம் கை நுழைகிறது. மறு பக்கம் காகிதம்கூட நுழையவில்லை. பானெட்டை இறக்கினால் கேபின் தகட்டில் "கிறீச்" என்று உரசுகிறது. போன வாரம் அடித்த பெயிண்ட் செதில் செதிலாக உதிர்கிறது. பிறகு வெட்ட வேண்டும், வெல்டிங் வைக்க வேண்டும், மறுபடியும் பெயிண்ட் அடிக்க வேண்டும். இந்த வேலைகளில் பெயிண்ட்தான் பெரிய செலவுகளில் ஒன்று. அதை இரண்டு முறை செய்யப் பலருக்குப் பணம் இருப்பதில்லை. பாதியில் நின்றுபோன லாரி கொட்டகைக்கே திரும்புகிறது. அல்லது உதிரி உதிரியாக விற்பனைக்கு வருகிறது.

சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும். தகடுகள் எல்லாம் ஒன்றோடு ஒன்று சரியாகப் பொருந்திய பிறகுதான் பெயிண்ட் டப்பாவைத் திறக்க வேண்டும். உரிமையாளர்களும் பட்டறைக்காரர்களும் இந்த வரிசையை மாற்றவே கூடாது.

உயிர் சம்பந்தப்பட்டது

"கொஞ்சம் கோணலாக இருந்தால் என்ன? ஓடினால் போதாதா?" என்று சிலர் கேட்கலாம்.

போதாது. கதவின் பொருத்தம் அழகுக்கு மட்டும் உரியது அல்ல. கதவு தாழ்ந்து தொங்கினால் அதன் பூட்டு, தூணில் உள்ள பிடியில் முழுதாக விழாது. பாதி விழுந்து நிற்கும். வெளியே இருந்து பார்த்தால் மூடியது போலத் தெரியும். பள்ளத்தில் சக்கரம் இறங்கும்போதோ, வளைவில் திரும்பும்போதோ கதவு திறந்துகொள்ளும்.

அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஹியூ டிஹேவன் என்பவரும் அவரைச் சேர்ந்தவர்களும் 1950-களில் கார் விபத்துகளை ஆராய்ந்தார்கள். விபத்தில் கதவு திறந்து வெளியே தூக்கி எறியப்படுகிறவர்களுக்கே உயிர் ஆபத்து மிக அதிகம் என்று அந்த ஆராய்ச்சி காட்டியது. அதன் பிறகுதான் கம்பெனிகள் கதவுப் பூட்டில் அக்கறை காட்டின. 1956-ம் ஆண்டு போர்டு கம்பெனி தன் வண்டிகளில் இறுக்கிப் பிடிக்கும் புதிய கதவுப் பூட்டை வைத்தது. 1968-ம் ஆண்டு முதல் அமெரிக்கக் கார்களின் கதவுப் பூட்டுக்குச் சட்டமே வந்துவிட்டது.

மக்கள் ஆசையாகத் தேடும் லாரிகளில் பெரும்பாலானவை இந்தச் சட்டத்துக்கு முந்தியவை. 1947-ம் ஆண்டு ஜூன் 28-ந் தேதி வெளிவந்த செவர்லே லாரியை எடுத்துக்கொள்ளலாம். இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு அந்தக் கம்பெனி புதிதாக வடிவமைத்த முதல் லாரி அது. 1955 வரை விற்பனையில் அமெரிக்காவிலேயே முதல் இடம் பிடித்தது. 1948-ல் போர்டு கம்பெனி "எப்" வரிசை லாரியைக் கொண்டுவந்தது. 1953-ல் அது "எப்-100" ஆயிற்று. உறுதியான வண்டிகள்தான். ஆனாலும் கதவுப் பூட்டு அந்தக் காலத்துப் பூட்டு. அது சரியாக விழ வேண்டுமானால் கதவு தன் இடத்தில் நேராக நிற்க வேண்டும்.

பானெட்டும் அப்படித்தான். என்ஜினை மூடும் இந்தத் தகடு, பின்பக்கம் கீல் வைத்து முன்பக்கம் திறப்பது. முதலை வாய் திறப்பது போல! முன்னால் உள்ள தாழ் சரியாக மாட்டாவிட்டால், வேகமாகப் போகும்போது காற்று அதைத் தூக்கி எறியும். அது நேராக ஓட்டுகிறவரின் கண்ணாடி மேல் வந்து விழும். பாதை மறைந்துவிடும். மகனையும் மகளையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு ஓட்டப்போகிற வண்டியில் இப்படி ஒரு கோணலை விட்டுவைக்கலாமா?

கோளாறு எங்கே?

வீட்டு வாசற்கதவு தரையில் உரசினால், விவரம் தெரியாதவர் உடனே கதவைச் சீவுவார். விவரம் தெரிந்த தச்சர் முதலில் நிலையைப் பார்ப்பார். நிலை சாய்ந்திருந்தால் கதவைச் சீவி என்ன பயன்? இன்று கீழே உரசும். நாளை மேலே இடிக்கும்.

லாரியிலும் இதே கதைதான். கதவு கோணலாக இருப்பதற்குக் கதவு காரணமாக இல்லாமல் இருக்கலாம். கோளாறு கீழே இருக்கலாம்.

பிக்-அப் லாரிக்கு அடியில் இரண்டு நீண்ட இரும்புச் சட்டங்கள் உண்டு. குறுக்கே சில சட்டங்கள் அவற்றை இணைக்கும். இதுதான் சேஸி. கேபின் இந்தச் சேஸியின் மேல் ரப்பர் வைத்துப் போல்டு போட்டு உட்கார வைக்கப்பட்டிருக்கிறது. பின் தொட்டி தனியாகப் போல்டு போட்டு உட்கார்ந்திருக்கிறது. முன் மட்கார்டுகள் கேபினிலும், ரேடியேட்டரைப் பிடித்திருக்கும் சட்டத்திலும் மாட்டியிருக்கின்றன. பானெட் இவை எல்லாவற்றுக்கும் நடுவில் உட்காருகிறது.

ஆகவே, அடியில் உள்ள ஒரு ரப்பர் நசுங்கினால் கேபின் ஒரு பக்கம் இறங்கும். கேபின் இறங்கினால் கதவின் இடைவெளி மாறும். கதவு மாறினால் மட்கார்டு ஒட்டாது. மட்கார்டு ஒட்டாவிட்டால் பானெட் உட்காராது. அடியில் கால் அங்குலம் தவறினால், பானெட் மூலைக்கு வருவதற்குள் அது அரை அங்குலம் ஆனாலும் வியப்பதற்கு இல்லை. பானெட் மூலையில் நின்றுகொண்டு சுத்தியால் தட்டிப் பயன் இல்லை.

அதனால் வேலை அடியில் இருந்து தொடங்க வேண்டும். சேஸி முறுக்கிக்கொண்டிருக்கிறதா என்று குறுக்குக்குக் குறுக்கு அளந்து பார்க்க வேண்டும். வண்டி சமதரையில், தன் பாரம் சக்கரங்களின் மேல் விழும்படி நிற்க வேண்டும். நடுவில் இரண்டு முட்டுக் கொடுத்துத் தூக்கி வைத்துக்கொண்டு கதவைப் பொருத்தினால், முட்டை எடுத்ததும் எல்லாம் மாறிவிடும். கேபினுக்கு அடியில் உள்ள பழைய ரப்பரை எறிந்துவிட்டுப் புதிய ரப்பர் வைக்க வேண்டும். எந்த மூலை தாழ்ந்திருக்கிறதோ அந்த மூலையில் மெல்லிய தகட்டுத் துண்டு செருகி உயர்த்த வேண்டும். கம்பெனியில் வண்டி செய்தபோதே இப்படித் தகடு செருகித்தான் சரிக்கட்டினார்கள். பழைய லாரியைக் கழற்றும்போது இந்தத் துண்டுகள் கீழே விழும். "என்னவோ குப்பை" என்று பெருக்கித் தள்ளிவிடுகிறவர்களும் உண்டு. அது குப்பை அல்ல. எந்த மூலையில் எத்தனை துண்டு இருந்தது என்று எழுதி வைத்துக்கொண்டால் பாதி வேலை மிச்சம்.

துருவை வெட்டும்போது

பழைய கேபினில் துரு முதலில் பிடிப்பது கீழேதான். கதவுக்கு அடியில் ஓடும் வாசற்படித் தகடு, பின் மூலைகள், தரை, கீல் மாட்டும் தூணின் அடிப்பகுதி ஆகியவை அரித்துவிடும். பனி பெய்யும் ஊர்களில் சாலையில் உப்புத் தூவுவார்கள். அந்த ஊர் வண்டிகளில் அரிப்பு இன்னும் மோசம்.

அரித்த தகட்டை வெட்டி எடுத்துப் புதுத்தகடு வைக்க வேண்டும். இந்தக் கட்டத்தில் செய்யும் தவறு பெரிய தவறு. கதவைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, வாசற்படித் தகட்டை ஒரே மூச்சில் அறுத்துப்போடுகிறார்கள். கேபினைத் தாங்கிக்கொண்டிருந்ததே அதுதான். அதை எடுத்ததும் கேபின் லேசாக விரிகிறது, அல்லது தொய்கிறது. கண்ணுக்குத் தெரியாது. அப்படியே புதுத்தகட்டை வெல்டிங் வைத்தால், தொய்ந்த கேபின் தொய்ந்தபடியே நிரந்தரம் ஆகிவிடும். பிறகு எந்தக் கதவும் அதில் பொருந்தாது.

இதற்கு வழி சுலபமானது. அறுப்பதற்கு முன்னால் கதவு வாயின் குறுக்கே இரும்புக் குழாய்களை வெல்டிங் வைத்து முட்டுக் கொடுக்க வேண்டும். மேலிருந்து கீழே, மூலைக்கு மூலை அளந்து எழுதிக்கொள்ள வேண்டும். ஒரு பக்கம் முடிந்த பிறகே மறு பக்கத்தில் கை வைக்க வேண்டும். புதுத்தகட்டைச் சிறு சிறு பொட்டு வெல்டிங்கால் நிறுத்திவிட்டு, கதவை மாட்டி மூடிப் பார்க்க வேண்டும். முட்டுக் குழாயைக் கதவு மூட இடம் விட்டு உள்ளே தள்ளி வைப்பது இதற்காகத்தான். கதவு ஒத்துக்கொண்ட பிறகுதான் முழு வெல்டிங்.

புதிதாகச் செய்து விற்கும் தகடுகளையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக்கூடாது. படத்தில் பார்த்தால் ஒன்றுபோல் இருக்கும். வளைவு கொஞ்சம் மாறும். துளை கொஞ்சம் தள்ளியிருக்கும். வாங்கிய அன்றே வண்டியில் வைத்துப் பார்ப்பது புத்திசாலித்தனம். அறுத்த தகட்டையும் பெயிண்ட் அடித்த தகட்டையும் கடைக்காரர்கள் பொதுவாகத் திருப்பி எடுப்பதில்லை. பழைய தகடு முக்கால்வாசி நன்றாக இருந்தால் அதைச் சீர்செய்வதே பல நேரங்களில் மேல். அந்தக் கதவும் அந்தக் கேபினும் பல ஆண்டுகள் சேர்ந்து வாழ்ந்தவை அல்லவா?

கதவுதான் முதல்

கேபின் நேரான பிறகு முதலில் பொருத்த வேண்டியது கதவு. மட்கார்டு அல்ல, பானெட் அல்ல. மட்கார்டை அசைத்துச் சரிக்கட்டலாம். பானெட்டையும் அசைக்கலாம். கேபினில் உள்ள கதவு வாயை அசைக்க முடியாது. அசையாத இடத்தில் தொடங்கி அசைகிற இடத்துக்குப் போவதுதான் முறை.

கதவைப் பொருத்துமுன் கீலைச் சோதிக்க வேண்டும். கதவைச் சிறிது திறந்து, அதன் பின்முனையைக் கையால் மேலே தூக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும். "டக் டக்" என்று ஆடினால் கீலின் ஆணி தேய்ந்துவிட்டது. இத்தனை ஆண்டுகளில் அந்தக் கதவு எத்தனை ஆயிரம் முறை திறந்து மூடியிருக்கும்! புது ஆணியும் புஷ்ஷும் போடாமல் எவ்வளவு நேரம் போராடினாலும் இன்று வைத்த கதவு நாளை தொங்கும்.

பிறகு, தூணில் உள்ள பூட்டுப்பிடியைக் கழற்றிவிட வேண்டும். இது முக்கியம். பிடி இருந்தால் அது கதவை இழுத்துத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பொய் சொல்லும். கதவு தன் கீலில் மட்டும் தொங்கி நேராக நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டு, கடைசியில் கதவுக்கு ஏற்றபடி பிடியை மாட்ட வேண்டும்.

கதவு எடையும் கணக்கில் வர வேண்டும். வெறும் கூடாக இருக்கும் கதவு லேசு. கண்ணாடியும் அதை ஏற்றி இறக்கும் கருவியும் மாட்டினால் கனத்துவிடும். வெறுங்கூட்டை அழகாகப் பொருத்திவிட்டுக் கண்ணாடி மாட்டினால், பின்முனை கொஞ்சம் இறங்கும். அதே போலத்தான் ரப்பர் பீடிங். தண்ணீரும் தூசியும் புகாமல் கதவைச் சுற்றி ஒட்டும் ரப்பர் இது. புது ரப்பர் சில சமயம் பழையதைவிடத் தடிமனாக இருக்கும். கதவை வெளியே தள்ளும். ஆகவே கண்ணாடி, ரப்பர் இரண்டையும் வைத்து ஒரு தரம் மூடிப் பார்த்துவிட வேண்டும். பெயிண்ட் அடித்த பிறகு ரப்பர் ஒட்டி, கதவு மூடாமல் அழுதவர்கள் ஏராளம்.

கதவின் மேல்முனை உள்ளே அமுங்கி, கீழ்முனை வெளியே நின்றால் கதவே முறுக்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள். இதற்குப் பழைய தொழிலாளிகளின் கைமுறை ஒன்று உண்டு. அமுங்கிய மூலையில் ஒரு மரக்கட்டையை இடுக்கிக்கொண்டு, துருத்தும் மூலையைக் கையாலும் முழங்காலாலும் மெதுவாக உள்ளே அழுத்துவார்கள். கதவு கொஞ்சம் இணங்கும். மறுபடியும் பார்ப்பார்கள். மறுபடியும் அழுத்துவார்கள். மரக்கட்டை வைத்துக் கதவை நிமிர்த்துவதா என்று சிலர் முகம் சுளிக்கலாம். கம்பெனித் தொழிற்சாலைகளிலேயே மரக்கட்டையும் ரப்பர் சுத்தியும் உண்டு. அவற்றைக் கொண்டு கதவைப் பொருத்தியே சம்பளம் வாங்கிய தொழிலாளிகள் அங்கே இருந்தார்கள்.

கதவு நேரானதும் முன் மட்கார்டு. இதன் சூட்சுமம் ரேடியேட்டர் சட்டத்தில் இருக்கிறது. அந்தச் சட்டத்துக்கு அடியில் தகட்டுத் துண்டு செருகினால் மட்கார்டின் மூக்கு உயரும். மூக்கு உயர்ந்தால், கதவை ஒட்டிய மேல் இடைவெளி குறுகும். கீழ் இடைவெளி அகலும். துண்டை எடுத்தால் இதற்கு நேர்மாறு. இது தெரியாமல் மட்கார்டின் விளிம்பை வெட்டுகிறவர்களைப் பார்த்தால் பரிதாபமாக இருக்கிறது. போல்டு எதையும் முதலில் முழுதாக இறுக்கக்கூடாது. எல்லாம் கையிறுக்கமாக நிற்க வேண்டும். பானெட்டையும் வைத்துப் பார்த்து, இங்கே கொஞ்சம், அங்கே கொஞ்சம் நகர்த்திய பிறகே கடைசி இறுக்கம்.

தொட்டிக்கும் இடம் விட வேண்டும்

கேபினுக்கும் பின் தொட்டிக்கும் நடுவே ஓர் இடைவெளி இருக்கும். "இது அசிங்கமாக இருக்கிறது, ஒட்டிவிட்டால் என்ன?" என்று நினைப்பவர்கள் உண்டு.

நினைத்தவர் சாதாரண ஆள் அல்ல. போர்டு கம்பெனியே நினைத்தது! 1961-ம் ஆண்டு அந்தக் கம்பெனி கேபினையும் தொட்டியையும் ஒரே உடலாகச் சேர்த்து ஒரு பிக்-அப் செய்தது. பார்க்க அழகாக இருந்தது. ஆனால் பாரம் ஏற்றிய லாரியின் சேஸி வளையும், மேடுபள்ளத்தில் முறுக்கும். உடல் ஒன்றானதால் அந்த முறுக்கு கேபினுக்கும் போயிற்று. கனமாக ஏற்றினால் கதவு இறுகிக்கொள்கிறது என்று பேச்சுக் கிளம்பியது. பழைய லாரி பிரியர்கள் அந்தக் கதையை இன்றும் சொல்கிறார்கள். 1963-ம் ஆண்டு மாடலோடு அந்த முறை கைவிடப்பட்டது. கேபின் வேறு, தொட்டி வேறு ஆயிற்று.

ஆகையால் அந்த இடைவெளி குறை அல்ல. வண்டி மூச்சு விடும் இடம். சேஸி முறுக்கும்போது இரண்டும் உரசாத அளவுக்கு அது இருக்க வேண்டும். மேலும் கீழும் ஒரே அளவாக இருக்க வேண்டும். தொட்டியின் போல்டுகளை இறுக்குமுன் மூலைக்கு மூலை அளந்து பார்க்க வேண்டும். தொட்டி சாய்சதுரமாக நின்றால் பின் கதவு சங்கிலியில் மாட்டாது.

பழைய தொட்டிகளுக்கு மட்கார்டு வெளியே புடைத்துக்கொண்டிருக்கும். கேபினோடு ஒரே கோட்டில் வராது. 1955-ல் செவர்லே கம்பெனி "கேமியோ" என்ற லாரியில் தொட்டியின் பக்கங்களைக் கேபினோடு சமமாக்கிக் காட்டியது. அந்தப் பக்கங்கள் இரும்பு அல்ல, கண்ணாடி இழை. 1957-ல் போர்டு கம்பெனி இரும்பிலேயே அப்படிச் செய்தது. இந்த வகை லாரிகளைச் சீர்செய்பவருக்கு வேலை இரட்டிப்பு. இடைவெளியும் சரியாக இருக்க வேண்டும். பக்கக்கோடும் கேபினில் இருந்து தொட்டிக்கு நேராக ஓட வேண்டும்.

எவ்வளவு இடைவெளி?

பட்டறைகளில் 3/16 அங்குலம், அதாவது ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் இடைவெளி விடுவது வழக்கம். இதை அளக்கப் பெரிய கருவி வேண்டாம். பெயிண்டு கலக்கும் மரக்குச்சியை இடுக்கில் விட்டு மேலிருந்து கீழே இழுத்துப் பார்ப்பவர்களும் உண்டு. ஓர் இடத்தில் சிக்கி, ஓர் இடத்தில் ஆடினால் இன்னும் வேலை இருக்கிறது.

இங்கே கண்காட்சிக்காரர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பழைய வண்டிக் கண்காட்சிகளில் பரிசு கொடுக்கிறார்கள். நடுவர்கள் இடைவெளியை உற்றுப் பார்க்கிறார்கள். அதனால் சில உரிமையாளர்கள், கதவு விளிம்பில் மெல்லிய கம்பியை வெல்டிங் வைத்து ராவி, சுற்றிலும் 3 மில்லிமீட்டர் அளவுக்குக் குறுக்குகிறார்கள். கைத்திறமை பெரிது. சந்தேகம் இல்லை. ஆனால் கம்பெனியில் இருந்து வந்த நாளிலேயே அந்த லாரி அப்படி இருந்ததில்லை. பண்ணைக்காரருக்காகச் செய்த வண்டி அது. கண்காட்சியில் மட்டும் நிற்கப்போகிற வண்டிக்கு இது சரி. சாலையில் ஓடப்போகிற வண்டிக்கு இது வேண்டாத வேலை. சேஸி முறுக்கும் ஒவ்வொரு பள்ளத்திலும் விளிம்பும் விளிம்பும் மோதும். பெயிண்டு உதிரும். அந்த இடத்தில் துரு புகும். குறுகிய இடைவெளியைவிட ஒரே சீரான இடைவெளிதான் கண்ணுக்கும் நல்லது, வண்டிக்கும் நல்லது. நடுவர்கள் இதை மனதில் கொண்டால் நல்லது.

இதற்கு நேர் எதிர்க் கூட்டமும் உண்டு. அவர்களுக்கு எல்லா நோய்க்கும் ஒரே மருந்து: பட்டி! தகடு பள்ளமா? பட்டி வை. கதவு உள்ளே போய்விட்டதா? அதன் மேல் அரை அங்குலம் பட்டி அப்பு. ராவித் தேய்த்துப் பெயிண்டு அடித்தால் அன்றைக்கு அழகாகத்தான் இருக்கும். பட்டி கெட்ட பொருள் அல்ல. முன்பு ஈயத்தை உருக்கித் தடவினார்கள். அதன் புகையும் தூளும் உடம்புக்குக் கேடு. 1950-களில் வந்த பிளாஸ்டிக் பட்டி அந்தத் தொல்லையைக் குறைத்தது. ஆனால் பட்டி மெல்லிய பூச்சாக இருக்க வேண்டும். 3 மில்லிமீட்டருக்குள் இருந்தால் நிற்கும். தகடு போக வேண்டிய தூரத்தைப் பட்டி போகக்கூடாது. தடிமனாக அப்பிய பட்டி, கதவை நாலு முறை ஓங்கிச் சாத்தினால் வெடிக்கும்.

சீர்செய்த லாரியை விலைக்கு வாங்குகிறவர் சட்டைப்பையில் ஒரு சின்னக் காந்தம் வைத்துக்கொள்வது நல்லது. இரும்பில் ஒட்டும். பட்டி தடித்த இடத்தில் ஒட்டாது. பெயிண்டு கீறாமல் காந்தத்தைத் துணியில் சுற்றிக்கொள்ள வேண்டும். பிறகு கதவைத் திறந்து மூடிப் பார்க்க வேண்டும். தட்டாமல், தூக்காமல், ஒரு விரலால் தள்ளினால் மூடுகிறதா? பளபளப்பைப் பார்த்து விலை பேசுவதைவிட இந்த இரண்டு சோதனைகளும் மேல்.

எல்லாம் பொருந்திய பிறகு பெயிண்டுக்காக மறுபடியும் கழற்றத்தான் வேண்டும். "கழற்றினால் பழைய இடம் போய்விடுமே" என்று அஞ்ச வேண்டாம். கழற்றுமுன் கீலையும் தூணையும் சேர்த்து ஒரு சிறு துளை போட்டு வைக்கிறார்கள். பெயிண்டு காய்ந்ததும் அந்தத் துளையில் ஓர் ஆணியைச் செருகினால் கீல் பழைய இடத்திலேயே வந்து நிற்கும். தகட்டுத் துண்டுகளை மூலைக்கு ஒரு பொட்டலமாகக் கட்டிப் பெயர் எழுதுகிறார்கள். பெயிண்டுக்கும் ஒரு தடிமன் உண்டு. இரண்டு விளிம்புகளிலும் பல பூச்சு ஏறினால் இடைவெளி குறையும். அதையும் முன்கூட்டியே விட்டுவைக்க வேண்டும்.

மாட்டும்போது ஆள் ஒருவர் போதாது. பானெட் பெரிது. வீட்டில் உள்ளவர்கள் ஆளுக்கு ஒரு மூலை பிடிக்க வேண்டும். விளிம்புகளில் ஒட்டுநாடா ஒட்டிக்கொண்டால் கீறல் விழாது. ஓட்டத் தொடங்கிய பிறகும் வேலை கொஞ்சம் மிச்சம் உண்டு. கேபினுக்கு அடியில் வைத்த புது ரப்பர் சில நூறு மைல் ஓடியதும் அமுங்கி உட்காரும். போல்டு லேசாகத் தளரும். அப்போது லாரியைச் சமதரையில் நிறுத்தி, போல்டுகளை மறுபடி இறுக்கி, அதே மரக்குச்சியை எடுத்துக் கதவைச் சுற்றி ஒரு முறை விட்டுப் பார்க்க வேண்டும்.